ஆறுமணிக்குருவி தங்க வேண்டுமா? சருகைக் கூட்டாதீர்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே 30 சென்ட் கொல்லை இருக்கிறது. பாதி சீமைக்கருவேலம். ஐப்பசியில் ஆறுமணிக்குருவி (ஆங்கிலத்தில் இந்தியன் பிட்டா) வருகிறது, இரண்டே நாளில் போய்விடுகிறது. தங்கவைக்க என்ன மரம் நடலாம்?

பதில்: மரத்துக்கு முன் தரையைப் பாருங்கள். வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும் இந்தக் குருவி, பகலில் நிழலான தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புழுபூச்சி தின்னும். பெருக்கிக் கொளுத்திய கொல்லையில் அதற்குத் தீனி ஏது? சில குருவிகள் எப்படியும் இளைப்பாறிவிட்டு இலங்கைக்குப் போய்விடும். தங்கக்கூடியவற்றுக்குத்தான் இந்த ஏற்பாடு.

வேலியோரம் 10 அடி அகலத்துக்கு விளக்குமாறு படாமல் விடுங்கள். மா, புங்கன், மூங்கில் சருகு நாலு விரற்கடை உயரம் கிடக்கட்டும். தண்ணீர் கட்டினால் சருகு அழுகும், மண்புழு இராது. நம் களிமண்ணில் இதுதான் பெரிய தொல்லை. அடைமழைக்கு முன்பே மண் அணைத்து ஓரடி மேடாக்கிவிடுங்கள். பக்கத்தில் குருணைப் பூச்சிமருந்து போடக் கூடாது. கோழியை விட்டால் ஒரே நாளில் கிளறித் தீர்த்துவிடும்.

சீமைக்கருவேலத்தை ஒரேயடியாக அழிக்காதீர்கள். இப்போதைக்குக் குருவிக்கு அதுதான் மறைவு. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஓரடி ஆழம் தோண்டி வேர்க்கட்டையோடு எடுங்கள். வெறுமனே வெட்டினால் துளிர்த்து முன்னைவிட அடர்ந்த புதராகும். அந்த இடத்தில் கோடியக்கரைக் காட்டில் வளரும் உலக்கைப்பாலை, காசான், நாவல் ஆகியவற்றைக் கலந்து, 6 அடி இடைவெளியில், ஒன்றரை அடிக் குழியில் நடுங்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால் மழையிலேயே வேர்பிடிக்கும்; முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இருமுறை தண்ணீர் விடவேண்டும். பாலை மிக மெதுவாகத்தான் வளரும். அதுவரை நிழலுக்கு இடையிடையே பூவரசம் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) ஊன்றுங்கள்.

பார்ப்பதற்கு விடியலில் ஐந்தரைக்கே 40 அடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை கேட்கும், பிறகு சருகுச் சத்தம். குட்டை வால் மேலும் கீழும் ஆடுவதைத் தேடுங்கள். 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை) பைனாகுலர் போதும். போனில் அதன் குரலைப் போடவே வேண்டாம். போட்டிக் குருவி வந்ததென்று தீனியை விட்டு அலையும்.

வரவு காலத்தில் வெளிவிளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் மோதி விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாமல், துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஓரிரு மணி நேரம் இருட்டில் வைத்து, பூனை இல்லாத புதரடியில் விடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.