அட்டையில் ஒரு முகம், படத்தில் வேறு முகம்: பழைய பட டிவிடியும் உங்கள் உரிமையும்

கேள்வி:

மகள், எனக்கு வயது 66. களுவாஞ்சிகுடிப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர். 1981இல் திருச்சியில் படித்த காலத்தில் ஒரு மலையாளப் படம் பார்த்தேன். வயது வந்தோருக்கு மட்டும் என்று வந்த படம்தான். ஆனால் வறுமையில் விழுந்த ஒரு பெண்ணின் கதை, மனதை விட்டுப் போகவில்லை. போன பெப்ரவரி 25ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் அதன் டிவிடியைக் கண்டு 1,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பற்றுச்சீட்டு இருக்கிறது. அட்டையில் 'முழு நீளப் பதிப்பு, தணிக்கை செய்யப்படாதது' என்று அச்சடித்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தால் 94 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதைவிட, அட்டையில் அரைகுறை உடுப்போடு நிற்கும் பெண் படத்திலேயே இல்லை. அது தமிழ்ப் படங்களில் தாயாக நடித்த ஒரு நடிகையின் முகம். கழுத்தோடு வெட்டி வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டியிருக்கிறார்கள். கொண்டுபோய்க் கேட்டேன். கடைப் பொடியன் பத்துப் பேருக்கு முன்னால், "இந்த வயசிலயும் உங்களுக்கு இது கேக்குதா சேர்?" என்று சிரித்தான். பேசாமல் வந்துவிட்டேன். காசு போனால் போகட்டும், அந்த அம்மாவின் முகம்தான் என்னை உறுத்துகிறது. அட்டையையும், படத் தொடக்கத்தில் வரும் சான்றிதழையும் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஏதும் வழி உண்டா?

பதில்:

ஐயா, வழி உண்டு. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்த வியாபாரம் நடப்பதே அந்தச் சிரிப்பை நம்பித்தான். ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய் திறக்கமாட்டார் என்று தெரிந்துதான் இப்படி அட்டை அடிக்கிறார்கள். நீங்கள் வாங்கியது குற்றம் அல்ல. வெட்கப்பட வேண்டியவர் நீங்களும் அல்ல.

முறைப்பாட்டுக்கு முன் ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். ஆபாசப் படங்களை விற்பதும், விற்பதற்காக வைத்திருப்பதும், விநியோகிப்பதும் 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டப்படி குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 285, 286ஆம் பிரிவுகளும் இதையே சொல்கின்றன. உங்கள் வட்டில் இருந்தது அப்பட்டமான ஆபாசப் படம் என்றால், சட்டம் தடுத்த ஒரு கொடுக்கல் வாங்கலில் கொடுத்த காசை மீட்டுத் தா என்று நீதிமன்றத்திடம் கேட்க முடியாது. இரண்டு பக்கமும் கறை இருந்தால் நீதிமன்றம் கைகொடுக்காது என்பது நமது உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. உங்கள் கதை அப்படி இல்லை. அந்தப் படம் இந்தியத் தணிக்கைக்குப் போய் 'ஏ' சான்றிதழ் பெற்றுத் திரையரங்கில் ஓடியது. இந்தியச் சான்றிதழ் இலங்கைத் தணிக்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இது மறைவில் எடுத்து மறைவில் விற்ற சரக்கு அல்ல என்பதற்கு அது நல்ல சான்று.

அந்தச் சான்றிதழைத்தான் இரண்டு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பியதிலேயே பெறுமதியானது அதுதான். அதில் படத்தின் நீளம் 3,420 மீற்றர் என்று இருக்கிறது. 35 மில்லிமீற்றர் பிலிம், செக்கனுக்கு 24 சட்டம் (பிரேம்) என்ற கணக்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 27.4 மீற்றர் ஓடும். அப்படியென்றால் படம் 125 நிமிடம். கடைக்காரர் ஒரு சாட்டு சொல்லக்கூடும்: பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிந்த டிவிடியில் செக்கனுக்கு 25 சட்டம் ஓடும், அதனால் படம் கொஞ்சம் வேகமாக முடியும் என்று. அது உண்மைதான். அந்தக் கழிவையும் கொடுத்துப் பார்த்தேன். 120 நிமிடம் வருகிறது. உங்கள் கையில் இருப்பது 94. குறைந்தது 26 நிமிடத்தை யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. சான்றிதழில் ஒரு முக்கோணக் குறி இருக்கிறதே, கவனித்தீர்களா? தணிக்கையில் வெட்டுப்பட்டு வந்த படத்துக்குத்தான் அதைப் போடுவார்கள். 'தணிக்கை செய்யப்படாதது' என்ற அட்டையின் சொல்லை, அதே வட்டின் முதல் காட்சியே பொய்யாக்குகிறது. இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இனிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் எந்த நடத்தையையும் வியாபாரிக்குத் தடை செய்கிறது. 31ஆம் பிரிவு, பொருளின் தரம், வகை பற்றிப் பொய் சொல்வதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ், வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் மாறாக இருந்தால் அதிகார சபை விசாரித்து, காசைத் திருப்பிக் கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ கட்டளையிடலாம். என் பார்வையில் அட்டை என்பது உத்தரவாதம்தான். பொலித்தீனால் மூடி ஒட்டிய பெட்டியைக் கடையில் வைத்துத் திறந்து பார்க்க முடியாது. வாங்குபவருக்கு அட்டையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், விவரணத்தைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது.

"அட்டையை நாங்கள் அடிக்கவில்லை, கொழும்பிலிருந்து அப்படியே வருகிறது" என்பார்கள். உங்களிடம் காசு வாங்கியவர் அவர்தான். கொழும்புக்காரரோடு உள்ள கணக்கை அவர் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டின் அடியில் இருப்பதும் ஏமாற்றைக் கழுவிவிடாது.

எல்லா மிகைப்படுத்தலும் சட்டத்தில் ஏமாற்று ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1978இல் ஐ. வி. சசி இயக்கிய 'அவளுடெ ராவுகள்' வந்தபோது, வெறும் சட்டையோடு சீமா நிற்கும் சுவரொட்டியைப் பார்த்து அது வேறு மாதிரிப் படம் என்று நினைத்தவர்கள் ஏராளம். உள்ளே இருந்தது பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட ஒரு பெண்ணின் துயரக் கதை. ஆனால் சுவரொட்டியில் நின்றவரும் படத்தில் நடித்தவரும் ஒருவர்தான். அது கவர்ச்சி விளம்பரம். அமெரிக்காவில் 1970களின் வயது வந்தோர் படங்கள் பிறகு வீடியோ கசெற்றாக வந்தபோது நடந்தது வேறு. படத்தில் தலைகாட்டாத மொடல் பெண்ணின் படத்தை முன்னால் போட்டார்கள். சில நிமிடம் வந்துபோனவர் பின்னாளில் பெயர் எடுத்துவிட்டால் அவரையே கதாநாயகி போலக் காட்டினார்கள். வெட்டிக் குறைத்த பதிப்புக்குப் பழைய பெயரையே ஒட்டினார்கள். உங்கள் அட்டை இந்த இரண்டாவது இனம்.

அந்த நடிகையின் முகத்துக்கு வருகிறேன். படத்தைப் பெரிதாக்கினால் தாடைக்குக் கீழே வெட்டின கோடு தெரிகிறது. ஒரு காதில் தோடு இருக்கிறது, மறுகாதே இல்லை. நாற்பது வருடம் தாயாக நடித்து மரியாதை சேர்த்த ஒரு மனுசியை ஐந்து நிமிடக் கணினி வேலையில் இப்படி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கும் வயிறு எரிகிறது ஐயா. நமது சட்டத்தில் ஒருவரின் மானத்தையும் கண்ணியத்தையும் வேண்டுமென்று புண்படுத்தினால் நட்டஈட்டு வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள். ஆனால் அந்த வழக்கு அவருக்கு மட்டுமே உரியது. உங்களாலோ என்னாலோ அவர் பெயரில் போட முடியாது. அவர் இறந்திருந்தால் பிள்ளைகளாலும் முடியாது. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டதால் அவதூறு என்று பொலிசுக்குப் போகும் பாதையும் இல்லை. இந்தச் சட்டம் போதாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது: சென்னையில் உள்ள தென்னிந்திய நடிகர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அட்டையின் விவரம், வெளியிட்டவர் பெயர், வாங்கிய திகதி போதும். அவருக்கோ குடும்பத்துக்கோ செய்தி போய்ச் சேரட்டும். படத்தின் தயாரிப்பாளரும் இயக்குநரும் இருந்தால், படத்தைச் சிதைத்ததற்கு எதிராக 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அவர்களுக்கும் உரிமை உண்டு. கோபத்தில் அந்த அட்டையை வட்ஸ்அப் குழுக்களில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நீங்கள் எதிர்ப்பதாக நினைத்து அனுப்புவதை அடுத்தவர் வேறு மாதிரிப் பார்ப்பார். அந்த அம்மாவுக்கு நடந்த அநியாயம்தான் இன்னும் பத்து வீட்டுக்குப் போகும். வட்டைப் பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கவும் வேண்டாம். படத்துக்கு உரிமைக்காரர் இருக்கிறார்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். உணர்ச்சியெல்லாம் வேண்டாம், இவ்வளவு போதும்: "கடந்த பெப்ரவரி 25ஆம் திகதி, இணைத்துள்ள பற்றுச்சீட்டின்படி, இந்த டிவிடியை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையில் முழு நீளம், தணிக்கை செய்யப்படாதது என்று உள்ளது. வட்டில் உள்ள சான்றிதழின்படி நீளம் 3,420 மீற்றர், ஓடுவது 94 நிமிடம். சான்றிதழில் வெட்டுக் குறி உள்ளது. அட்டையில் காட்டப்படும் நபர் படத்தில் இல்லை. பணத்தைத் திருப்பித் தரக் கட்டளையிடும்படி கேட்கிறேன்." எதற்காக வாங்கினீர்கள், ஏன் பார்த்தீர்கள் என்று ஒரு வரியும் எழுத வேண்டாம். சட்டம் அதைக் கேட்பதில்லை. விசாரணையில் யாரும் கேட்டாலும் அது தேவையற்ற கேள்வி என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

காலக்கெடு மூன்று மாதம், எழுத்தில். உங்களுக்கு மே 25 வரை இருக்கிறது. ஆனால் சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டால் கந்தோர்களில் ஆள் பிடிப்பது கஷ்டம், அதற்கு முதலே கொடுத்துவிடுங்கள். அதிகார சபையின் மாவட்ட அலுவலகம் எங்கே என்று மாவட்டச் செயலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். மூலப் பற்றுச்சீட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், பிரதியைக் கொடுங்கள்.

அட்டையின் வர்ணப் பிரதியும் வேண்டும். அதைக் களுவாஞ்சிகுடியில் தெரிந்த கடையில் நீட்டிப் பிரதி எடுக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கடித உறையில் போட்டு என் கந்தோருக்குக் கொண்டு வாருங்கள் ஐயா. நானே எடுத்துத் தருகிறேன், முறைப்பாட்டையும் இருந்தே எழுதிவிடலாம்.