டிரிப் கேக்: ஓடும் சாக்லேட்டை நிறுத்துவது எப்படி?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கேக் செய்து, மேலே சாக்லேட் டிரிப் (விளிம்பிலிருந்து பக்கவாட்டில் துளித் துளியாக வழிந்து நிற்கும் அலங்காரம்) ஊற்றினேன். டார்க் சாக்லேட்டும் கிரீமும் சம அளவு. இணையத்தில் பார்த்த ஒரு வெளிநாட்டுக் குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றினேன். முதலில் ஊற்றியது அடித்தட்டு வரைக்கும் ஓடிக் குளம் கட்டி நின்றது. மீதியை ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஊற்றினால், கட்டி கட்டியாக விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டது. கேக்கின் மேல் பூசியிருந்த விப்பிங் கிரீமும் அங்கங்கே குழிந்துவிட்டது. அடுத்த மாதம் தம்பி மகனுக்குப் பிறந்தநாள். அவனுக்கு நீல நிற டிரிப் வேண்டுமாம். நான் எங்கே தவறினேன்? (தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அந்தக் குறிப்பில் 'அறை வெப்பநிலையில் 15 நிமிடம் ஆறவிடவும்' என்று ஒரு வரி இருந்திருக்கும். உங்களைக் கவிழ்த்தது அந்த வரிதான்.

குளிர் நாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அறை வெப்பநிலை என்றால் 20, 22 டிகிரி செல்சியஸ். ஓவனை அப்போதுதான் அணைத்த தூத்துக்குடிச் சமையலறையில் 34, 35 டிகிரி சாதாரணம். சாக்லேட்டில் இருக்கும் கோகோ பட்டர் உருகுவதே ஏறத்தாழ 34 டிகிரியில். அதாவது உங்கள் மேடையில் கனாஷை, அதுதான் இந்தச் சாக்லேட்-கிரீம் கலவையை, ஒரு மணி நேரம் வைத்திருந்தாலும் அது ஆறி இறுகும் நிலைக்கு வரவே வராது. நீங்கள் காத்திருந்து பார்த்து, பொறுமை இழந்து, ஃபிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். அங்கே கிண்ணத்தின் ஓரம் முதலில் உறையும், நடுப்பகுதி சூடாகவே இருக்கும். எடுத்துக் கலக்கும்போது உறைந்த ஓரம் கட்டிகளாக உள்ளே வரும். இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றே.

எனவே முதலில் ஆறவைக்கும் முறையை மாற்றுங்கள். ஒரு அகலத் தட்டில் மண்பானைத் தண்ணீரை விரல் கணு அளவுக்கு ஊற்றி, கனாஷ் கிண்ணத்தை அதில் வையுங்கள். சிலிகான் கரண்டியால் ஓரத்தை வழித்து நடுவுக்குக் கொண்டுவந்தபடியே மெதுவாகக் கிளறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அது ஃபிரிட்ஜ் செய்த அதே வேலையைச் செய்யும். பானைத் தண்ணீர் அறையைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும், நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். நாலைந்து நிமிடத்தில் கனாஷ் 32 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு துளியைக் கீழுதட்டில் தொட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, வெதுவெதுப்பாகவும் இருக்கக் கூடாது. லேசாகக் குளிர்ந்தாற்போல் பட்டால் சரி, ஏனென்றால் அது உடல் சூட்டைவிடச் சற்றே கீழே இருக்கிறது.

அடுத்தது கேக். டிரிப் நிற்பதும் ஓடுவதும் கனாஷின் சூட்டை மட்டும் பொறுத்ததல்ல, அது எதன் மேல் இறங்குகிறது என்பதையும் பொறுத்தது. பூச்சு முடிந்த கேக் ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். தொட்டால் விரலில் கிரீம் ஒட்டக்கூடாது. ஃப்ரீசரில் திணித்து அவசரப்படுத்தாதீர்கள். அளவுக்கு மீறிக் குளிர்ந்த கேக்கை வெளியே எடுத்தால் கடற்கரை ஊரின் ஈரக்காற்று அதன் மேல் முத்து முத்தாக வேர்த்துவிடும், அந்த ஈரத்தின் மேல் சாக்லேட் ஒட்டாமல் சறுக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கும் நேரம் போனால் வேர்க்கத்தான் செய்யும். அதனால் கனாஷ் தயாரான பிறகுதான் கேக் வெளியே வர வேண்டும். பலர் கேக்கை முதலில் எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சாக்லேட் நறுக்க ஆரம்பிக்கிறார்கள்.

இனி அளவு. சம அளவு என்ற கணக்கு 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீமுக்கு எழுதப்பட்டது. நம் மளிகைக் கடையில் டெட்ரா பாக்கெட்டில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதே அளவு ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். 100 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 75 கிராம் கிரீம் என்று தொடங்குங்கள். கிரீமையும் தராசிலேயே நிறுத்துவிடுங்கள், கப் கணக்கு வேண்டாம். பாக்கெட்டை நன்றாகக் குலுக்கிய பின் வெட்டுங்கள், இல்லாவிட்டால் கெட்டி மேலேயும் தண்ணீர் கீழேயும் தங்கி, நீங்கள் ஊற்றுவது எது என்றே தெரியாது. 6 அங்குல வட்டக் கேக்குக்கு 100 கிராம் சாக்லேட் போதும், மேற்பரப்பை மூடியது போகவும் கொஞ்சம் மிஞ்சும். பாலாடையைச் சேர்த்துவைத்துக் கிரீமுக்குப் பதிலாகப் போடலாமா என்று வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். போடாதீர்கள். அது எவ்வளவு அரைத்தாலும் நறநறவென்று நிற்கும். கிரீம் கிடைக்கவில்லையென்றால் 40 கிராம் பாலில் 10 கிராம் வெண்ணெய் சேர்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், பழுதில்லை.

சாக்லேட் வாங்கும்போது உறையின் பின்பக்கம் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் அசல் சாக்லேட். ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு என்று இருந்தால் காம்பவுண்டு. சுவையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, காம்பவுண்டு அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். ஆனால் டிரிப்புக்கு மட்டும் என்றால் நான் காம்பவுண்டைக் குறைசொல்ல மாட்டேன். விலை குறைவு, சட்டென்று இறுகும், நம் வெயிலுக்குத் தாங்கும். நடுவில் பூசும் கனாஷுக்கு நல்ல சாக்லேட்டும் வெளியே வழிய காம்பவுண்டுமாக வைத்துக்கொண்டால் வாயும் நிறையும், பையும் தப்பும்.

செய்முறையை ஒருமுறை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். கிரீமைச் சிறு தீயில் வைத்து, பாத்திரத்தின் ஓரத்தில் குமிழி கட்டியதும் இறக்குங்கள், கொதிக்க விட வேண்டாம். சாக்லேட் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். பிறகு நடுவில் சின்ன வட்டமாகக் கிளறத் தொடங்கி மெல்ல மெல்ல வட்டத்தைப் பெரிதாக்குங்கள். விஸ்க் போட்டு அடித்தால் காற்றுக் குமிழ்கள் புகுந்து, வழிந்த பிறகு ஊசித் துளைகளாகத் தெரியும். பளபளப்பு வேண்டுமானால் ஒரு டீஸ்பூன் லிக்விட் குளுக்கோஸ், அது இல்லாவிட்டால் தேன். சாக்லேட் முழுவதும் கரையவில்லையென்றால் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துக் காட்டலாம். ஆவி கிண்ணத்துக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலவை திரிந்து எண்ணெய் மிதந்தால் கொட்டிவிடாதீர்கள். ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலை விட்டு நடுவிலிருந்து கிளறினால் பெரும்பாலும் கூடிவரும்.

கேக்கைத் தொடும் முன் ஒரு சோதனை. என் வகுப்பில் இதைச் செய்யாதவரை யாரையும் கேக்கின் பக்கமே விடுவதில்லை. கேக் குளிரும்போதே ஒரு எவர்சில்வர் டம்ளரையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எடுத்துக் கவிழ்த்து, விளிம்பில் அரை ஸ்பூன் கனாஷை விட்டுப் பாருங்கள். சரியான பதத்தில் இருக்கும் துளி முதலில் சற்று வேகமாக இறங்கும். பிறகு அதன் தலை மட்டும் பருக்கும், வால் மெலியும், நடை தளரும், டம்ளரின் பாதி உயரத்தில் தயங்கி நின்றுவிடும். எரியும் மெழுகுவத்தியின் பக்கவாட்டில் உருகிய மெழுகு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. அடிவரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடினால் சூடு அதிகம், இன்னும் இரண்டு நிமிடம் கிளறுங்கள். அரை அங்குலம் இறங்கியதும் கொழுக்கட்டைபோல் நின்றால் ஆறிவிட்டது, கிண்ணத்தைச் சுடுநீர் மேல் பத்து விநாடி காட்டி மறுபடி பாருங்கள். டம்ளரைத் துடைத்துக்கொண்டு மூன்று நான்கு முறைகூடச் சோதிக்கலாம். டம்ளர் கை சூட்டுக்கு வந்துவிட்டால் அது பொய் சொல்லும், இன்னொன்றை ஃபிரிட்ஜில் தயாராக வைத்திருங்கள்.

ஊற்றுவதற்குப் பைப்பிங் பையோ, சாஸ் பாட்டிலோ எதுவானாலும் சரி. எதுவும் இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் தாளை மருதாணி கோன்போல் சுருட்டி, நுனியை மூன்று மில்லிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் துளியைக் கேக்கின் பின்பக்கத்தில் விடுங்கள். விளிம்புக்குச் சரியாக மேலே நுனியை வைத்து, லேசாக அழுத்தி, சாக்லேட் தாண்டி இறங்கத் தொடங்கியதும் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். துளியின் நீளத்தைத் தீர்மானிப்பது நீங்கள் அழுத்திய அளவுதான், அது இறங்கும் நேரமல்ல. அது பாட்டுக்கு இன்னும் ஒரு நிமிடம் இறங்கும் என்பதைக் கணக்கில் வைத்து, போதும் என்று தோன்றுவதற்கு முன்பே நிறுத்துங்கள். கோலமாவை விரலிடுக்கில் விட்டுப் பழகிய கைக்கு இது பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாற்றி மாற்றி விடுங்கள். எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் சீப்புப் பல் மாதிரி இருக்கும். விளிம்பு முழுவதும் சுற்றி வந்த பிறகுதான் நடுவில் ஊற்றி, பேலட் கத்தியால் ஓரம் வரை பரப்ப வேண்டும். முதலில் நடுவில் ஊற்றிவிட்டு ஓரத்துக்குத் தள்ளினால் எங்கே எவ்வளவு இறங்கும் என்பது உங்கள் கையில் இருக்காது.

விப்பிங் கிரீம் குழிந்தது பற்றி. பட்டர் கிரீமைப் பூசிக் குளிரவைத்தால் அது கல்லாக நிற்கும், 32 டிகிரி கனாஷைத் தாங்கும். காற்றடித்த விப்பிங் கிரீமுக்கு அந்த வலு கிடையாது. சூடான துளி பட்ட இடத்தில் காற்று வெளியேறி உள்வாங்கிவிடும். விப்பிங் கிரீம் கேக் என்றால் கனாஷை 28, 29 டிகிரி வரை இறக்குங்கள். அந்தச் சூட்டில் அது கெட்டியாக இருக்கும் என்பதால் கிரீமை 75 கிராமிலிருந்து 85 ஆகக் கூட்டிக்கொள்ளுங்கள். டம்ளர் சோதனை இங்கேயும் உண்டு. இதை நான் கற்றது ஒரு மே மாதத்தில். நான் செய்த மூன்றடுக்குக் கேக்கின் டிரிப் முழுவதும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே பாவாடைபோல் கீழே இறங்கியிருந்தது. கனாஷ் நிற்பதற்குள் பெட்டியை மூடிவிட்டேன். இப்போதெல்லாம் டிரிப் விட்டபின் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்காமல் எந்தக் கேக்கும் என் வாசலைத் தாண்டுவதில்லை.

தட்டு வரை ஓடிவிட்டதற்கு ஒரு பரிகாரமும் சொல்கிறேன். ஈரமாக இருக்கும்போது துடைக்கப் போகாதீர்கள், கேக் முழுவதும் அப்பிக்கொள்ளும். குளிரவைத்து இறுகியபின் கத்தி நுனியால் நெம்பினால் துண்டாகப் பெயர்ந்து வரும். அப்படியும் அடி அசிங்கமாகத் தெரிந்தால், வறுத்துப் பொடித்த முந்திரியையோ துருவிய சாக்லேட்டையோ கீழ் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு ஒட்டிவிடுங்கள். வேண்டுமென்றே செய்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

இனி தம்பி மகனின் நீல டிரிப். வெள்ளைச் சாக்லேட்டில் கோகோத் தூள் பகுதி கிடையாது. கோகோ பட்டர், பால், சர்க்கரை மட்டுமே. இறுக்கிப் பிடிக்க ஆள் இல்லாததால் கிரீமை வெகுவாகக் குறைக்க வேண்டும். 100 கிராமுக்கு 30 கிராம் போதும். இவ்வளவு குறைந்த கிரீமின் சூட்டில் சாக்லேட் முழுவதும் உருகாது, அதனால் இரண்டையும் சேர்த்தே கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கரையுங்கள். வெள்ளைச் சாக்லேட் சீக்கிரம் கருகும், பாதி கரைந்ததும் இறக்கிக் கிளறுங்கள்.

நிறத்தை எப்போது சேர்ப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். தண்ணீர் கலந்த ஜெல் நிறத்தை வெறும் உருகிய சாக்லேட்டில் விட்டால் அது மணல்போல் கட்டிவிடும். கிரீம் சேர்ந்து கனாஷ் ஆனபிறகு விட்டால் ஒன்றும் ஆகாது. கிரீமே இல்லாமல் செய்வதாக இருந்தால் எண்ணெயில் கரையும் நிறம்தான் வேண்டும். இன்னொரு சங்கதி: வெள்ளைச் சாக்லேட் உண்மையில் தந்த நிறம், மஞ்சள் சாயல் உள்ளது. அதில் நீலத்தை விட்டால் பச்சை எட்டிப் பார்க்கும். முதலில் வெள்ளை நிற ஜெல் சில துளி விட்டு மஞ்சளை அடக்கி, பிறகு நீலம் சேருங்கள். அப்போதும் பச்சை தெரிந்தால் பல்குச்சி நுனியில் தொட்ட அளவு ஊதா. நினைத்த நிறத்துக்கு ஒரு படி குறைவாகவே நிறுத்துங்கள், கேக் ஃபிரிட்ஜில் இருக்கும்போது நிறம் தானாகவே இன்னும் கொஞ்சம் அடரும்.