இரண்டு சுவிட்ச் வைத்தும், ஒன்று விழுந்தால் ஸ்டோரேஜ் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: இரண்டு லினக்ஸ் சர்வர்கள், இரண்டு கண்ட்ரோலர் உள்ள ஒரு ஐஸ்கஸி ஸ்டோரேஜ் (வட்டை நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும் பெட்டி), நடுவே இரண்டு சுவிட்ச். ஒரு சுவிட்ச்சின் மின்சாரத்தை எடுத்தால் சில வேளை ஒன்றும் ஆவதில்லை. சில வேளை சர்வர்களுக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள் எல்லாம் உறைந்துவிடுகின்றன.

அந்தச் "சில வேளை"யைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். எப்போதும் நின்றுபோகும் ஸ்டோரேஜை ஒரு மாலையில் திருத்திவிடலாம். சில வேளை நிற்பது தூக்கத்தையே எடுத்துவிடும்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணினி அறை என் பொறுப்பில் இருக்கிறது. கொழுந்து நிறுவைக் கணக்கு, செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவு), களஞ்சியம் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. ஏப்ரல் மாதத்து மலைநாட்டைச் சொல்லத் தேவையில்லை: காலையில் வெயில், பின்னேரம் இடி. மின்சாரம் போகும், ஜெனரேட்டர் எடுப்பதற்குள், பட்டரி செத்த யூபிஎஸ்ஸை நம்பியிருந்த இரண்டாவது சுவிட்ச் விழுந்துவிடும். (பட்டரி கேட்டு நான் எழுதிய கடிதங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.) அது விழும்போது யாருக்கும் தெரியாது. மூன்று நிமிடம் கழித்து கிளார்க் ஐயா கதவடியில் நிற்பார். "தம்பி, செக்ரோல் திரும்பவும் நின்றுவிட்டது."

இடியைக் குறை சொன்னேன், கேபிளைக் குறை சொன்னேன், ஸ்டோரேஜ் விற்றவர்களிடம் சண்டையும் பிடித்தேன். அந்த மூன்று நிமிடத்தை மட்டும் கவனிக்கவில்லை. ஒருநாள் சுவிட்ச்சின் பதிவையும் சர்வரின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வெட்கமாகப் போய்விட்டது. சுவிட்ச் விழுந்த நேரத்தில் எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. அது திரும்பி எழுந்த நேரத்தில்தான் எல்லாம் நின்றிருக்கிறது.

நடந்தது இதுதான். இரண்டு நெட்வொர்க் கார்டுகளையும் ஒன்றை ஓடவிட்டு மற்றதைக் காத்திருக்க வைக்கும் முறையில் பிணைத்திருந்தேன். இரண்டாவது சுவிட்ச்சுக்குப் போகும் கார்டே முதன்மை. சுவிட்ச் எழுந்ததும் போர்ட்டில் விளக்கு எரியும். லினக்ஸ் பார்ப்பது அந்த விளக்கை மட்டும்தான். உடனே போக்குவரத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். ஆனால் பாக்கெட்டுகள் வளையமாகச் சுற்றாமல் காக்கும் சுவிட்ச்சின் ஸ்பானிங் ட்ரீ அந்தப் போர்ட்டை இன்னும் திறக்கவில்லை. 15 வினாடி கேட்கும், 15 வினாடி கற்கும், அதன் பிறகே பாக்கெட்டுகளைக் கடத்தும். றம்பொடைப் பாதையில் மண்சரிவுத் தடையை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனால், அங்கே இன்னும் மண் அள்ளிக்கொண்டிருப்பார்களே, அது மாதிரி.

சில நாள் ஏன் தப்பியது? மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் லினக்ஸ், ஸ்கஸி வட்டின் பதிலுக்கு வழக்கமாகக் காத்திருப்பதும் 30 வினாடிதான். இந்த 30க்கும் அந்த 30க்கும் இடையில் ஓட்டப்பந்தயம். வட்டு தோற்ற நாளில் ஃபைல் சிஸ்டம் தன்னைப் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொள்ளும். கிளார்க் ஐயா வருவார்.

ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ போட்டிருக்கிறோமே என்று ஆறுதல் அடைய வேண்டாம். அதன் வேகம் எதிர்முனையும் ஒரு சுவிட்ச்சாக இருந்து பதில் சொன்னால்தான். சர்வர் அந்தப் பாஷை பேசாது. சில சுவிட்ச்கள் தாமாகவே இதைக் கண்டுகொள்ளும், என்னுடையது கண்டுகொள்ளவில்லை. சர்வரும் ஸ்டோரேஜும் செருகியிருக்கும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் (மறுமுனையில் சுவிட்ச் இல்லை என்பதால் காத்திருக்காமல் திறக்கும் போர்ட்) என்று நீங்களே அமைத்துவிடுங்கள். இரண்டு சுவிட்ச்சையும் இணைக்கும் கேபிளின் போர்ட்டில் மட்டும் அதைத் தொடாதீர்கள், வளையம் விழும்.

ஆகவே உங்கள் வேலை முதலில் அளப்பது. ஒரு மெய்நிகர் கணினியில், ஒவ்வொரு வினாடியும் நேரத்தை ஒரு கோப்பில் எழுதி உடனே வட்டுக்குத் தள்ளும் சிறு ஸ்கிரிப்ட் ஓடட்டும். சுவிட்ச்சை அணையுங்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள், திரும்பப் போடுங்கள், இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். கோப்பில் எங்கே, எத்தனை வினாடி ஓட்டை என்று பாருங்கள். எழும் பக்கம் 30 என்றால் மேலே சொன்ன கதை. 120ஐத் தாண்டினால், லினக்ஸின் ஐஸ்கஸி மென்பொருளான ஓப்பன்-ஐஸ்கஸியின் ரிப்ளேஸ்மென்ட் டைம்அவுட்டை, அதாவது அறுந்த இணைப்பு திரும்பும் என்று அது காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். அதன் இயல்பு மதிப்பு 120 வினாடி. இணைப்பு போய்விட்டது என்று கண்டுகொள்ளவே அதற்கு முன் ஒரு பத்து வினாடி போகும். மாற்றுப் பாதை சும்மா இருக்கும்போது இவ்வளவு காத்திருப்பது அநியாயம். மல்டிபாத் (ஒரே வட்டுக்குப் பல பாதைகளை வைத்து, ஒன்று போனால் மற்றதுக்கு மாறும் லினக்ஸ் வசதி) உள்ள இடத்தில் நான் 15க்குக் குறைத்திருக்கிறேன்.

ஓட்டை மூடவே மூடாவிட்டால் ஜம்போ பிரேமை (வழக்கமான 1500 பைட்டை விடப் பெரிய பாக்கெட்டை) சந்தேகியுங்கள். ஒரு சுவிட்ச் 9000 பைட்டுக்கு அமைந்திருக்கும், அவசரத்துக்கு மாற்றிய மற்றது 1500இலேயே இருக்கும். லாகின் சிறிய பாக்கெட் என்பதால் போய்விடும், படிக்கத் தொடங்கினால் தொங்கும். துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்புகளுக்குப் போகிறது. ஒவ்வொரு பாதையிலும் தனித்தனியாக.

பிறகு நான் பிணைப்பையே எடுத்துவிட்டேன். ஐஸ்கஸிக்கு மல்டிபாத்தான் பொருத்தம்: ஸ்டோரேஜ் உண்மையாகப் பதில் சொன்ன பிறகே அது ஒரு பாதையை நம்பும், விளக்கைப் பார்த்து ஏமாறாது. ஆனால் இரண்டு கார்டுக்கும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) முகவரி கொடுக்காதீர்கள். லினக்ஸ் இரண்டு பாதையின் போக்குவரத்தையும் பெரும்பாலும் ஒரே கார்டு வழியாகவே அனுப்பிவிடும். நீங்கள் இரண்டு பாதை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். முதல் சுவிட்ச்சுக்கு ஒரு சப்நெட், இரண்டாவதற்கு வேறொன்று. ஐஸ்கஸிக்குப் பதிலாக என்எஃப்எஸ் (கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் முறை) பாவிப்பவர்கள் பிணைப்பை வைத்துக்கொள்ளட்டும். எழுந்த கார்டுக்கு உடனே தாவாதபடி அப்டிலேயை 45,000 மில்லி வினாடி அளவில் வைத்தால் போதும். தனித்தனியாக நிற்கும் இரண்டு சுவிட்ச்களுக்குக் குறுக்கே எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை) போட முயல வேண்டாம், இரண்டும் ஒரே சுவிட்ச் போல நடக்கும்படி ஸ்டாக் செய்தோ எம்லாக் அமைத்தோ இருந்தால் அது வேறு விஷயம்.

என் கோப்பில் இப்போது விழும் பக்கம் சில வினாடி ஓட்டை இருக்கிறது, எழும் பக்கம் எதுவும் இல்லை. பட்டரியும் கடைசியில் வந்தது. நீங்கள் இந்தச் சோதனையைச் செய்யும்போது மாதத்தின் முதல் பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள்; 10ஆம் திகதிச் சம்பளத்துக்கு முன் செக்ரோல் நின்றால் கதவடியில் வந்து நிற்பது கிளார்க் ஐயா மட்டுமாக இருக்காது.