வாசகர் கேள்வி: பழைய ஏர் ரைஃபிள் வாங்கலாமா?

கேள்வி: மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். இணைப்பாட நடவடிக்கையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறாள். பழையது போதுமா? – வாசகி, ஈசூன்

பதில்: தாராளமாகப் போதும். ஆனால் சிங்கப்பூரில் ஏர் ரைஃபிளுக்கும் ஆயுதச் சட்டம் உண்டு. பயிற்றுநரிடமும் சுடுமன்றத்திடமும் பேசி அனுமதி கிடைத்த பிறகே காசு கொடுங்கள். இணையத்தில் தருவித்துவிடாதீர்கள்.

ஈயக் குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. குழல் எளிதில் தேயாது. பார்க்க வேண்டியது, குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் காற்று உருளையை. அதில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். அலுமினிய உருளையை 10 ஆண்டுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள் ஜெர்மன் தயாரிப்பாளர்கள். உருளை காலாவதியானால் புதிது வாங்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

வளரும் பிள்ளைக்கு விலையுயர்ந்த குழலைவிட, நீட்டிக் குறைக்கக்கூடிய கட்டைதான் (தோளிலும் கன்னத்திலும் பதியும் பின்பகுதி) முக்கியம். கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையின் மேலுள்ள தாங்கியில் இயல்பாகப் பதிக்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் குழலின் முனையில் உள்ள முன்குறி வளையம், கண்ணருகே உள்ள பின்குறித் துளையின் நடுவில் தெரிய வேண்டும். கழுத்தைத் தூக்கித் தேடினால் தாங்கி தாழ்ந்திருக்கிறது. எடை வரம்பு 5.5 கிலோ, அதை எட்ட வேண்டும் என்று அவசரமில்லை, சின்னப் பெண்ணின் முதுகு பாவம்.

கேள்வி: குண்டுகள் வலப்பக்கமே விழுகின்றன. பின்குறியை இடப்பக்கம் திருகினால் இன்னும் மோசமாகிறது. ஏன்? – வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஜெர்மன் பின்குறிகளின் திருகில் உள்ள எழுத்து, குண்டு விழுந்த பக்கத்தைக் குறிக்கும், அது போக வேண்டிய பக்கத்தை அல்ல. வலப்பக்கம் விழுந்தால் ‘ஆர்’ (R, ஜெர்மனில் வலம்) பக்கம், மேலே விழுந்தால் ‘எச்’ (H, உயரம்) பக்கம் திருக வேண்டும். பலரும் தடுமாறும் இடம் இது.

ஒரு குண்டை வைத்துத் திருகாதீர்கள். ஐந்து சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பாருங்கள். இலக்கு அட்டையின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. அகலம், ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஐந்தும் பக்கவாட்டில் சிதறினால் பின்குறியில் கை வைக்கவே கூடாது. முதலில் கட்டைத் திருகாணிகளும் பின்குறியும் ஆடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு குறிவைத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். குறி நகர்ந்திருந்தால் கையால் இழுக்காமல் பாதத்தை நகர்த்துங்கள்.

ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.