தூரிகைக்கு வேகம் உண்டு: சீன எழுத்துக்கலையும் இன்றைய வடிவமைப்பும், கேள்வி பதில்

கேள்வி: சீன உணவகத்துக்குப் பெயர்ப்பலகை செய்கிறேன். கணினியில் கிடைக்கும் தூரிகை எழுத்துரு போதாதா?

பதில்: சாலையில் போகிறவருக்குப் போதும். ஆனால் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் குட்டு உடைந்துவிடும். எழுத்துருவில் இரண்டும் அச்சு அசலாக இருக்கும். கை அப்படி எழுதாது. சீன எழுத்துக்கலை மேதை வாங் ஷீஜி 353-இல் எழுதிய 'லான்டிங் முன்னுரை'யில் ஓர் எழுத்து ஏறக்குறைய இருபது முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வடிவம். மூலம் தொலைந்து நகல்களே மிஞ்சிய பிறகும் அதைத்தான் வியக்கிறார்கள்.

கேள்வி: இலச்சினைக்கு எந்த எழுத்துப் பாணி பொருந்தும்?

பதில்: என் ஓட்டு முத்திரை எழுத்துக்கு, அதாவது முத்திரைகளில் பொறிக்கிற பழைய பாணிக்கு. கோட்டின் தடிமன் முழுதும் ஒன்றே என்பதால் சிறிதாக்கினாலும் சிதையாது. பெய்ஜிங் 2008 ஒலிம்பிக் சின்னத்தைப் பாருங்கள்: சிவப்பு முத்திரைக்குள், பெய்ஜிங்கைக் குறிக்கும் 'ஜிங்' எழுத்து ஓடுகிற மனிதனாக மாறியிருக்கும். அந்தப் போட்டிகளின் விளையாட்டுக் குறியீடுகளும் முத்திரை எழுத்தின் சாயலில் வரைந்தவையே. கோடுகளைச் சுருக்கி இணைத்து வேகமாக எழுதும் விரைவெழுத்து கண்ணைக் கவரும். ஆனால் சீனர்களிலேயே பலருக்கு அது படிக்க வராது. கடைப் பெயருக்கு வேண்டாம்.

கேள்வி: மை வறண்ட தடத்தை மென்பொருளில் கொண்டுவர முடியுமா?

பதில்: அதற்கு 'ஃபெய்பாய்' என்று பெயர், பறக்கும் வெண்மை என்று பொருள். மை குறைந்து கை விரையும்போது தூரிகையின் மயிர்கள் பிரிந்து, இடையிடையே தாளின் வெள்ளை எட்டிப் பார்க்கும். ஆகவே பெரும்பாலும் அது கோட்டின் பின்பாதியில்தான் வரும். மென்பொருளோ கோடு முழுவதும் உப்பைத் தூவுவதுபோல் தூவிவிடுகிறது. தூரிகை அழுந்தி மை ஊறியிருக்க வேண்டிய தொடக்க முனையே வறண்டு கிடந்த சுவரொட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எழுதத் தெரிந்தவருக்கு அது பல்லில் மாட்டிய கல். எழுதுகிற ஒருவரிடம் கேட்டு, பதப்படுத்தாத சுவான் தாளில் (சீன எழுத்துக்கலைக்கான தாள்) இருபது முப்பது முறை எழுதி வாங்குங்கள். நல்லதைத் தேர்ந்து உயர் தெளிவில், சாம்பல் நிறங்களோடு ஸ்கேன் செய்யுங்கள். நேரே கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் மை கசிந்த விளிம்பு போய்விடும். பெயரட்டை அளவுக்கு வெண்மை இல்லாத இன்னொரு வடிவம் தனியாக வேண்டும்.

கேள்வி: எனக்குச் சீனம் தெரியாது. அழகான எழுத்துகளைப் பின்னணியில் தூவலாமா?

பதில்: கூடாது. 'அ'வைத் தலைகீழாக அச்சிட்ட பையோடு யாராவது உங்கள் முன் வந்தால் எப்படி இருக்கும்? பொருளில்லாத எழுத்துதான் வேண்டுமென்றால் சீனக் கலைஞர் ஷூ பிங் போல உழைக்க வேண்டும். 'வானத்திலிருந்து ஒரு நூல்' என்ற படைப்புக்காக, சீனராலும் படிக்க முடியாத சுமார் 4,000 எழுத்துகளைத் தாமே உருவாக்கி மரத்தில் செதுக்கினார்.

கேள்வி: சிவப்பு முத்திரை எங்கே வர வேண்டும்?

பதில்: அது கையெழுத்துக்குச் சமம். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக எழுதினால் வாசகம் இடப்பக்கம் முடியும். எழுதியவர் பெயருக்குக் கீழே முத்திரை விழும். எழுதியவர் யாரென்றே தெரியாத படைப்பில் சிவப்புக்காக மட்டும் ஒன்றை ஒட்டாதீர்கள்.