டர்போ காரில் பூஸ்ட் ஏறும்போது எரிபொருள் வெட்டுகிறது. ஃபியூவல் கட் டிஃபென்டர் போடலாமா?

போடலாம், ஆனால் உங்கள் கார் இப்போது இருக்கும் நிலையில் போடக்கூடாது. டொயோட்டா ஸ்டார்லெட் ஜீ.ரீ. டர்போவுக்குப் பெரிய சைலன்சர் மாற்றியதாகவும், மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் 4,000 சுற்றை அண்மிக்கும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் எஞ்சின் வெட்டுவதாகவும், கராஜில் டிஃபென்டர் போடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே கார், இதே வெட்டு, இதே ஆலோசனை எனக்கும் வாய்த்தன. நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டு முற்றத்தில் சொந்தக் காரைக் கழற்றிப் பூட்டுகிறவன் மட்டுமே. ஆகவே கொழும்பில் டியூனிங் செய்பவர்கள் இதை வாசித்தால், நான் சொல்வது ஒரு பழைய காரை நெடுநாள் உடையாமல் ஓட்ட விரும்புபவருக்கான வழி என்பதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அந்த வெட்டு பழுது அன்று, பாதுகாப்பு. இந்த 1,331 சி.சி. எஞ்சினுக்குக் கம்பனி கொடுத்த பூஸ்ட், அதாவது டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் அளவு, சுமார் 0.65 பார். உள்ளே போகும் காற்றின் அமுக்கத்தை அளக்கும் மேப் சென்சர் அதற்குச் சற்று மேலுள்ள ஓர் எல்லையைத் தாண்டிக் காட்டினால், எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ., பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களை மூடிவிடும். டிஃபென்டர் என்ற சிறிய பெட்டி செய்வதெல்லாம், சென்சரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அந்த எல்லைக்குக் கீழே நிறுத்திவைப்பதுதான். உதாரணமாக, உண்மையான பூஸ்ட் 1.0 பாராக இருக்கும்போது ஈ.சி.யூ.வுக்கு 0.8 என்றே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்தால் உள்ளே இருப்பது 2.0 பார், ஆனால் பெற்றோல் கிடைப்பதோ 1.8 பாருக்கு. 11.5 ஆக இருந்த காற்று-எரிபொருள் விகிதம் 12.8 அளவுக்குப் போய்விடும். தீப்பொறி நேரமும் குறைந்த பூஸ்டுக்கு உரியதாகவே இருக்கும். இதில் நொக் அடித்தால், அதாவது கலவை சீராக எரியாமல் தானாக வெடித்துத் தட்டினால், முதலில் போவது பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பகுதி. கார் வெட்டாமல் அருமையாக ஓடும், அதுதான் ஆபத்து.

எனது காரில் நான் பூஸ்டைத் தொடவே இல்லை, அப்படியிருந்தும் வெட்டியது. கராஜில் ஒருவர் பானெற்றைத் திறந்து பார்க்காமலேயே டிஃபென்டருக்கு விலை சொன்னார். வேண்டாமென்று வீட்டுக்கு வந்து, டர்போவிலிருந்து வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் இறப்பர்க் குழாயைக் கழற்றினேன். வேஸ்ட்கேட் என்பது பூஸ்ட் மிஞ்சாமல் புகையை டர்போவுக்குள் போகவிடாது திருப்பிவிடும் கதவு, அதைத் திறப்பது ஆக்சுவேட்டர். வெளியே பார்க்கக் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் எஞ்சின் வெக்கையில் கிடந்து கல்லாக இறுகியிருந்த அந்தக் குழாயை, நிப்பிளில் ஏறும் முனைக்கருகே விரலால் வளைத்தபோது, மயிரிழை அளவிலான வெடிப்பு ஒன்று வாய் திறந்தது. அதன் வழியே அமுக்கம் கசிந்ததால் ஆக்சுவேட்டருக்கு உண்மையான பூஸ்ட் போய்ச் சேரவில்லை. வேஸ்ட்கேட் பிந்தித் திறந்தது. பூஸ்ட் எல்லை மீறியது. புதிய சிலிக்கன் குழாயைப் போட்டு இரு முனைகளிலும் கிளிப் இறுக்கியதும் வெட்டு நின்றுவிட்டது. அன்று அந்தப் பெட்டியை வாங்கியிருந்தால், வெடித்த குழாயோடு, எவ்வளவு பூஸ்ட் ஏறுகிறதென்றே தெரியாமல் ஓட்டியிருப்பேன். இதைச் சொன்னதற்கு என்னைப் பயந்தாங்கொள்ளி என்றவர்களும் உண்டு, சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கும் முதலில் பூஸ்ட் மீற்றர் ஒன்றைப் பூட்டிப் பார்க்கச் சொல்வேன். பூஸ்ட் பிடிக்கும் தறுவாயிலேயே முள் துள்ளி மேலே போனால் குழாய், ஆக்சுவேட்டர், இறுகிப்போன வேஸ்ட்கேட் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள். நீங்கள் சொல்லும் 4,000 சுற்று எனக்கு அப்படித்தான் படுகிறது. அவ்வாறின்றிச் சுற்று ஏற ஏறப் பூஸ்டும் மெல்ல ஏறிக்கொண்டே போனால், புதிய சைலன்சர் வழி புகை இலகுவாக வெளியேறுவதால் வேஸ்ட்கேட்டின் சிறிய துவாரம் போதாமல் இருக்கிறது என்று பொருள். அதற்குப் பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும் எந்தக் கொன்ட்ரோலரும் மருந்தாகாது. துவாரத்தைப் பெருப்பிக்க வேண்டும்.

கம்பனி பூஸ்ட் நிலையாக நின்ற பிறகுதான் கூட்டுவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பெற்றோல் முதலில், காற்று பிறகு. எரிபொருள் அமுக்கம் பூஸ்டுக்குச் சமமாக ஏறுகிறதா, பழைய பம்புக்கு முழு வோல்ற்றேஜும் போகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சர் இல்லாமல் கொன்ட்ரோலரைத் திருகவே வேண்டாம். வெப்பத்தை வேகமாகக் கடத்தும், ஒரு படி ‘குளிர்ந்த’ வகைப் பிளக்கைப் போட்டு, இடைவெளியைச் சற்றுக் குறையுங்கள். எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஈ.சி.யூ.வை ரீமேப் செய்து, அதாவது அதன் கணக்கை மாற்றி எழுதி, இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலதிகப் பெற்றோலைத் தனியாக ஒரு கருவி கொடுக்கும் அமைப்பு இருந்தால் மட்டும் டிஃபென்டருக்கு அங்கே வேலை உண்டு.

கரடியனாறு தாண்டி மகா ஓயாப் பக்கம் போகும் நீண்ட வீதியில் மிதித்துப் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே மாடுகள் வேலியை மதிப்பதில்லை. சட்டப்படியான வேகமோ 70 கிலோமீற்றர். அந்த வேகத்துக்குள் முழுச் சுமையில் எஞ்சினைப் பரிசோதிக்கவே முடியாது. நான் கம்பனி பூஸ்டிலேயே கொழும்புவரை ஓட்டிப்போய் காரை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டிச் சோதிக்கும் டைனோவில்தான் பரிசோதனையைச் செய்வித்தேன். செலவு என்பதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இப்பழைய கார்களுக்கும் பாகங்களுக்கும் ஏறிய விலை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பெற்றோலைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜப்பானில் இந்தக் கார் உயர்தரப் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. அங்கே அதன் ஒக்டேன், அதாவது நொக்கைத் தாங்கும் திறனின் எண், தரநிலைப்படி குறைந்தது 96. நமது பெற்றோல் செட்டுகளில் 92 எப்போதும் இருக்கும், 95 இருக்கும் இடத்தைத் தேடிப் போகவேண்டும். போதாததற்கு நமது சித்திரை வெக்கையில், டர்போ தள்ளும் சூடான காற்றை இன்டர்கூலர் குளிர்விப்பதும் குறைகிறது. 92 அடித்திருக்கும் நாளில் காரிலுள்ள பூஸ்ட் பொத்தானைக் குறைந்த நிலையில் வைத்தே ஓட்டுங்கள்.

பூஸ்டைக் கூட்டிய பின், ஒருமுறை நன்றாக ஓட்டிவிட்டுப் பிளக்குகளைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மிளகுத்தூள்போல் கரும்புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகள்களோ ஒட்டியிருந்தால், மீற்றர் என்ன காட்டினாலும் நொக் அடித்திருக்கிறது. அன்றே பூஸ்டைப் பழைய நிலைக்கு இறக்கிவிடுங்கள்.