மாரடைப்பு சிகிச்சையில் நிறமும் பாலினமும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சிகிச்சை சரியாகக் கிடைப்பதில்லை என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 1994 முதல் 2002 வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்த கிட்டத்தட்ட 6 லட்சம் மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளை அலசிய ஆய்வு 2005-ல் வந்தது. இதய ரத்தக்குழாய் அடைப்பை உடனே திறந்தாக வேண்டும், திறக்கத் தடையும் இல்லை என்ற நிலையில் இருந்தவர்களை மட்டும் பார்த்தாலும், வெள்ளை ஆண்களில் 86.5 சதவீதம் பேருக்கு அந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது, கறுப்பினப் பெண்களில் 77.8 தான். ஆஸ்பிரின் கொடுப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று படமெடுத்துப் பார்ப்பது), அடைப்பைத் திறப்பது என்று வரும்போதுதான் இடிக்கிறது. 2002 வரையிலான அத்தனை வருடத்தில் அந்த இடைவெளி குறையவும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேள்வி: இன்சூரன்ஸ் இல்லாதது, தாமதமாக வருவது எல்லாம் காரணமாக இருக்கலாமே?

பதில்: ஓரளவு இருக்கும். ஆனால் 1999-ல் வந்த ஆய்வைப் பாருங்கள். நடிகர்களை நோயாளிகளாக உட்காரவைத்து, ஒரே மாதிரி ஆஸ்பத்திரி அங்கி, ஒரே இன்சூரன்ஸ், கையசைவுகூட ஒரே மாதிரி, அப்படி வீடியோ எடுத்து 720 டாக்டர்களிடம் காட்டினார்கள். வெள்ளையர்களுக்கும் கறுப்பின ஆண்களுக்கும் 90.6 சதவீதம் ஆஞ்சியோ பரிந்துரை, கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் 78.8. இங்கே தாமதமும் இல்லை, பணப் பிரச்சினையும் இல்லை, அப்புறம் எதைச் சொல்வது?

கேள்வி: பெண்களுக்கு நெஞ்சு வலியே வராதாமே?

பதில்: தவறு. பெரும்பாலான பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் வருகிறது. கூடவே தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்கல் சேர்ந்துகொள்வதால் வாயு, டென்ஷன் என்று அனுப்பிவிடுகிறார்கள். 55 வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்களைக் கேட்டபோது, அதற்கு முன்பே அறிகுறியோடு டாக்டரிடம் போன பெண்களில் 53 சதவீதம் பேர், "இதயத்தால் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்" என்றார்கள். ஆண்களில் 37.

கேள்வி: அம்மா எங்களோடு நியூஜெர்சியில் இருக்கிறார். நாங்கள் என்ன செய்யணும்?

பதில்: நெஞ்சில் அழுத்தம் என்றால் காரை எடுக்காதீர்கள், அவசர எண் 911-ஐக் கூப்பிடுங்கள். போய்ச் சேர்ந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும், எடுத்தாச்சா என்று கேளுங்கள். முதல் ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும்) ரத்தப் பரிசோதனை இரண்டும் நார்மல் என்றாலும் வலி நிற்கவில்லையானால், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். தெற்காசிய வம்சாவளி என்பதையே இதய ஆபத்தைக் கூட்டும் காரணியாக 2018 அமெரிக்க கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது, அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.